பிரிட்ஜை மாத்தப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க

போன வாரம் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பையன் வந்து, "அண்ணா, கிட்டாருக்கு பிரிட்ஜ் மாத்தலாம்னு இருக்கேன், எந்த பிராண்டு நல்லா இருக்கும்?"னு கேட்டான். மதியச் சாப்பாட்டு நேரம். என் டப்பாவுல இருந்த சாம்பார் சாதம் ஆறிப்போய் கெட்டியாகுற வரைக்கும் பேசியிருக்கேன். பாவம், அவன் கேட்டது ஒரு வரி. நான் சொன்னது ஒரு பதிவு நீளத்துக்கு வந்துடுச்சு. சரி, இங்கயே எழுதி வச்சுடுவோம்னு உக்காந்துட்டேன். கிட்டார் வாசிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல ஒருத்தன் பல்பு வாங்குற கதை இருக்கு. அந்த ஒருத்தன் நான்தான் :-)

முதல்ல பிரிட்ஜ்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடுறேன். எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பிகள் ஒரு பக்கம் தலைப்பகுதியில இருக்குற ட்யூனர்ல சுத்தியிருக்கும். அங்கருந்து நட்னு ஒரு சின்னப் பட்டையில இருக்குற காடி வழியா இறங்கி, நெக் முழுக்க ஓடி, உடம்புல இருக்குற உலோக பிரிட்ஜ்ல வந்து நிக்கும். பிரிட்ஜ்ல கம்பிக்கு ஒண்ணா ஆறு குட்டித் துண்டுகள், அதுக்குப் பேரு சாடில். அதை முன்னாடி பின்னாடி நகர்த்தி சுருதியை சரி பண்ணலாம், மேல கீழ நகர்த்தி கம்பியோட உயரத்தை சரி பண்ணலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலா இருந்தா இன்னொரு சங்கதியும் உண்டு. பிரிட்ஜே அசையும். ஒரு கம்பியைப் பிடிச்சு அழுத்தினா மொத்த சுருதியும் குழைஞ்சு கீழ போகும். 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டரோட சேர்த்து லியோ ஃபெண்டர் கொண்டுவந்த அமைப்பு அது. 1956-ல காப்புரிமை கிடைச்சது. மனுஷனுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதுக்கு 'ட்ரெமலோ'ன்னு பேரும் தப்பா வச்சார். ட்ரெமலோன்னா சத்தம் கூடிக் குறையுறது, இது பண்றது சுருதி மாறுறது. எழுபது வருஷமா எல்லாரும் அந்தத் தப்பான பேரையே சொல்லிட்டு இருக்கோம். நானும் அப்படியே சொல்றேன்.

ஆறு கம்பியோட இழுவை ஒரு பக்கம். உடம்புக்குப் பின்னாடி ஒரு பள்ளத்துல மூணுலேர்ந்து அஞ்சு ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். ரெண்டும் சமமா இருக்குற இடத்துல பிரிட்ஜ் நிக்கும். தராசு மாதிரி. அதனால ஒரு கம்பி சுருதி விலகினாலும் எல்லாரும் முதல்ல முறைக்கிறது பிரிட்ஜைத்தான். நானும் அப்படித்தான் முறைச்சேன்.

இப்ப கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கலாம்.

கிட்டார் என்னோடது இல்ல. ரூம்மேட்டோடது. தாடின்னு கூப்பிடுவோம் அவனை. ஸ்ட்ராட் காப்பி, என்ன கம்பெனின்னு வேண்டாம், விலை குறைஞ்சது. ஆனா அவன் முதல் மாச சம்பளத்துல வாங்கினது. 2021-ல கனடா கிளம்புறப்ப, "மச்சி, இதைத் தூக்கிட்டுப் போக முடியாது, நீ வச்சுக்க. வாசிச்சுட்டே இரு, சும்மா மாட்டி வைக்காத"ன்னு கொடுத்துட்டுப் போனான். கவனிங்க, வச்சுக்கன்னு தான் சொன்னான். எடுத்துக்கன்னு சொல்லல. இந்த வித்தியாசம் அப்புறம் ராத்திரி தூக்கம் வராதப்ப எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

அதுல ஜி ஸ்ட்ரிங் ஒரு பாட்டு முழுக்க சுருதியில நிக்காது. ஒரு பெண்ட் பண்ணினா போதும், இறங்கி உக்காந்துக்கும். நான் என்ன பண்ணினேன்? பொட்டி தட்டுற பயபுள்ளைங்க எல்லாரும் பண்றதைத்தான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவும் சொன்னது ஒண்ணே ஒண்ணு. மலிவு கிட்டார்ல பிரிட்ஜுக்குக் கீழ இருக்குற பிளாக்கை துத்தநாகக் கலவையில வார்த்திருப்பாங்க, அதைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டீல் பிளாக் போட்ட பிரிட்ஜ் மாட்டு, கிட்டாருக்கு உயிர் வந்துடும். சரின்னு 2022-ல போனஸ் வந்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து ஆர்டர் பண்ணிட்டேன். கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து, கிட்டார் வாங்கின விலையில பாதிக்கு மேல.

பார்சல் வந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. கையில தூக்கினா கல்லு மாதிரி கனம். பழைய பிரிட்ஜைக் கழட்டி புதுசை வச்சுப் பார்த்தா, ஆறு ஸ்க்ரூ துளையில ஒண்ணு கூட நேரா உக்காரல.

இது ஏன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. ஸ்ட்ராட் மாதிரியே இருக்குற கிட்டார் எல்லாம் ஒரே அளவு இல்ல. பழைய ஃபெண்டர் அளவுல முதல் ஸ்க்ரூவுக்கும் கடைசி ஸ்க்ரூவுக்கும் நடுவுல ஏறக்குறைய 56 மி.மீ. இருக்கும். கம்பிகளோட அகலமும் அதே அளவு. ஆசிய நாடுகள்ல தயாராகுற மலிவு கிட்டார்கள்ல பெரும்பாலும் 52.5 மி.மீ. தான், அதாவது கம்பிக்குக் கம்பி 10.5. சிலதுல 10.8-உம் வரும். நான் வாங்கினது 56. தாடி கிட்டார் 52.5. மூணரை மி.மீ. வித்தியாசம். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும்.

அங்கயே நிறுத்தியிருக்கணும். திருப்பி அனுப்பியிருக்கணும். நான் ஹவுஸ் ஓனர்கிட்ட போய் ட்ரில்லிங் மெஷின் கேட்டேன்.

கணக்கைப் பாருங்க. நடுவுல இருந்து அளந்தா, ஓரத்து ஸ்க்ரூ 1.75 மி.மீ. தள்ளி வரணும். அதுக்கு அடுத்தது ஒரு மி.மீ. சொச்சம். நடுவுல இருக்குற ரெண்டும் அரை மி.மீ. கூட இல்ல. ஸ்க்ரூவோட தடிமனே மூணு மி.மீ.க்கு மேல. அப்படின்னா புதுத் துளை தனியா விழாது, பழைய துளை மேலயே பாதி விழும். ட்ரில் பிட்டுக்கு எது சுலபமான வழியோ அதுல தானே போகும்? வழுக்கிட்டுப் பழைய துளைக்குள்ள போயிடுச்சு. துளை வட்டமா இல்லாம முட்டை மாதிரி ஆயிடுச்சு. ஸ்க்ரூவுக்குப் பிடிமானமே இல்ல. அது போதாதுன்னு மொத்த பிரிட்ஜும் ஒரு மி.மீ. ஒரு பக்கமா நகர்ந்து உக்காந்துச்சு. கம்பி போட்டா, கடைசி ஈ ஸ்ட்ரிங் நெக்கோட விளிம்புலயே ஓடுது. மேல் ஃப்ரெட்ல விரலை வச்சா வழுக்கி வெளிய விழுது.

இன்னும் இருக்கு. கிட்டாரைத் திருப்பிப் பார்த்தா, ஸ்டீல் பிளாக் பின்பக்கமா வெளிய எட்டிப் பாக்குது. முழு அளவு ஸ்ட்ராட் உடம்பு 45 மி.மீ. கிட்ட தடிமன், அதுக்கேத்த பிளாக் 42 வரைக்கும் நீளமா இருக்கும். மலிவு மாடல்கள்ல மரத்தை மிச்சம் பிடிக்க உடம்பை 40 மி.மீ. ஆக்கியிருப்பாங்க. பின்னாடி மூடியைப் போட முடியல. மடியில வச்சா லுங்கி மாட்டுது.

ரெண்டு நாள் அதைப் பார்க்கவே பிடிக்காம கட்டிலுக்குக் கீழ தள்ளி வச்சிருந்தேன். மூணாவது நாள் தெரிஞ்சவங்க சொல்லி, கிட்டார் ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க தம்பி?"

"சாஃப்ட்வேர் சார்."

"அதான்."

அவ்வளவு தான் திட்டு. ஆனா நல்லா பட்டுச்சு. கெட்டி மரத்துல குச்சி சீவி, பசை தடவி ஆறு துளையையும் அடைச்சார். ஒரு நாள் காய விட்டு, பழைய இடத்துலயே திரும்பத் துளை போட்டு பழைய பிரிட்ஜையே மாட்டினார். அப்புறம் கேட்டார், "எதுக்குத்தான் இதை மாத்தினீங்க?" ஜி ஸ்ட்ரிங் நிக்கலன்னு சொன்னேன். கம்பியை ஒரு தடவை பெண்ட் பண்ணி விட்டார். சுருதி இறங்கிச்சு. பிரிட்ஜ் பக்கமே திரும்பாம, தலைப்பகுதியில நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவுல இருக்குற துண்டுக் கம்பியை விரலால ஒரு அழுத்து அழுத்தினார். சுருதி பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

எனக்குப் பேச்சு வரல.

விஷயம் இது தான். பெண்ட் பண்றப்ப கம்பி நட்டோட காடி வழியா பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் இழுபடும். விட்டதும் அதே அளவு திரும்பிப் போகணும். காடி குறுகலா இருந்தா, கம்பி போய்ட்டு அங்கயே மாட்டிக்கும். அதனால சுருதி இறங்கும். பின்னாடி அழுத்தினா மாட்டினது விடுபட்டுத் திரும்பிப் போகும், சுருதி ஏறும். பிழை பிரிட்ஜ்ல இல்லவே இல்ல. அவர் காடியை ரெண்டு இழு இழுத்து, பென்சில் முனையால கறுப்புத் தூளைத் தடவி விட்டார். எல்லாத்துக்கும் சேர்த்து 400 ரூபாய் வாங்கினார். காடி வேலைக்கு மட்டும் தனியா கேட்டா என்ன வாங்கியிருப்பார்னு கேக்க தைரியம் வரல.

லாக் ஃபைலைப் பாக்காம சர்வரை மாத்துறவனை ஆபீஸ்ல என்ன சொல்லித் திட்டுவோமோ, அதே வேலையை நான் கையில ட்ரில்லோட பண்ணியிருக்கேன்.

அதனால பக்கத்து சீட்டுப் பையனுக்கு நான் சொன்னது இது. பிராண்டு கேக்காத. முதல்ல புதுக் கம்பி போடு. பத்து தடவை பெண்ட் பண்ணு, சுருதி பாரு. கீழ இறங்கி, நட்டுக்குப் பின்னாடி அழுத்தினா திரும்பி வருதுன்னா பிரிட்ஜை விட்டுடு, நட்டைப் பாரு. ட்ரெமலோவை அழுத்திட்டு விட்டதும் சுருதி ஏறி நின்னாலும் முதல் சந்தேகம் நட்டு மேல தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்ல வாசிச்சா மட்டும் சுருதி அதிகமா இருக்கா? சாடிலைக் கொஞ்சம் பின்னாடி தள்ளு. குறையுதா? முன்னாடி கொண்டு வா. இதுக்கு எல்லாம் செலவு ஒரு ஆலன் கீயும் ஒரு சாயங்காலமும். இவ்வளவும் பண்ணி முடிச்ச பிறகும் குறை இருந்தா, அப்ப பிரிட்ஜைப் பத்தி யோசி.

ஆலன் கீன்னதும் ஞாபகம் வருது. அமெரிக்க ஃபெண்டர் சாடில் ஸ்க்ரூவுக்கு 0.050 இன்ச் கீ, அதாவது 1.27 மி.மீ. ஆசிய காப்பிகளுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. கிட்டத்தட்ட பொருந்துற கீயைப் போட்டுத் திருகினா ஸ்க்ரூவோட உள்பக்கம் வழவழன்னு ஆயிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்பாது. அதுலயும் சென்னையில கடல் காத்தும் உள்ளங்கை வேர்வையும் சேர்ந்து அந்தக் குட்டி ஸ்க்ரூக்களை ஒரே வருஷத்துல துருப்பிடிக்க வச்சிடும். வாசிச்சு முடிச்சதும் ஒரு பழைய பனியன் துணியால துடைச்சு வச்சாலே பாதி 'அப்கிரேடு' தேவைப்படாது. இதை எந்த வீடியோக்காரரும் சொல்ல மாட்டார். பனியன் துணி விக்க முடியாதே.

அப்ப பிரிட்ஜ் மாத்துறதே வேஸ்டான்னு கேட்டா, இல்ல. நானே அப்புறம் மாத்தினேன், முழுசா கேளுங்க. அந்த பழைய பிரிட்ஜ்ல ட்ரெமலோ ஆர்ம் மாட்டுற மரை தேஞ்சு போச்சு. துத்தநாகக் கலவை மெத்துன்னு இருக்கும், ஸ்டீல் ஆர்மைத் திருகத் திருக மரை அழியும், ஆர்ம் லொடலொடன்னு ஆடும். இது நிஜமான காரணம். சாடில்ல பிசிறு வந்து ஒரே இடத்துல கம்பி அறுந்துட்டே இருந்தா அதுவும் நிஜமான காரணம். முதல்ல உப்புத்தாளால ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்துட்டு அப்புறம் மாத்துங்க. ஸ்க்ரூ துருப்பிடிச்சு உயரமே மாத்த முடியலையா, தாராளமா மாத்துங்க.

ரெண்டாவது தடவை வாங்குறப்ப வெர்னியர் காலிப்பர் வாங்கினேன். இன்ஜினியரிங் முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல தொட்டது, அதுக்கப்புறம் இப்பத்தான் வாழ்க்கையில உபயோகப்பட்டுச்சு. முதல் ஸ்க்ரூவோட நடுவுலேர்ந்து கடைசி ஸ்க்ரூவோட நடு வரைக்கும் அளந்தேன். கம்பி அகலம் அளந்தேன். உடம்போட தடிமன், பிளாக்குக்கான பள்ளத்தோட ஆழம், ஆர்மோட மரை, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதினேன். ஆர்ம் விஷயத்துல அமெரிக்க மரை வேற, மெட்ரிக் மரை வேற, ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. இந்த அஞ்சு அளவும் பொருந்துற மாதிரி, ஸ்டீல் பிளாக்கைக் குட்டையா வெட்டின ஒரு பிரிட்ஜ் கிடைச்சது. முன்ன வாங்கினதுல மூணுல ஒரு பங்கு விலை, பேர் தெரியாத கம்பெனி. இருந்த துளையிலயே இருபது நிமிஷத்துல உக்காந்துச்சு. ஒரு விஷயம் மறக்காதீங்க. பின்னாடி ஸ்பிரிங் மாட்டுற தகட்டுல ஒரு எர்த் ஒயர் பத்தவச்சிருக்கும், அதைப் பிச்சிடாதீங்க. பிச்சிட்டா ஆம்ப்ல உய்ய்ய்னு இரைச்சல் வரும், நீங்க பிக்கப்பை சந்தேகப்பட்டு அதுக்கு ஒரு ஆர்டர் போடுவீங்க. இப்படித்தான் மாச சம்பளம் காணாம போகுது.

ஸ்டீல் பிளாக்கால டோன் மாறிச்சா? மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே துண்டை ரெக்கார்ட் பண்ணி, தங்கச்சியைக் கண்ணை மூடிட்டுக் கேக்கச் சொன்னேன். அவ வயலின் கத்துக்கிட்டவ, காது என்னை விட நல்ல காது. நாலு தடவை மாத்தி மாத்திப் போட்டேன். ரெண்டு தடவை சரியா சொன்னா, ரெண்டு தடவை தப்பா சொன்னா. "ரெண்டுலயும் நாலாவது பார்ல தாளம் விட்டுட்ட"ன்னு மட்டும் உறுதியா சொன்னா. எனக்கு வித்தியாசம் கேக்குது தான். ஆனா காசு கொடுத்தவன் காதுக்கு சாட்சி சொல்ற தகுதி இல்லன்னு நினைக்கிறேன். ஸ்டீல் பிளாக் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வர்றப்ப ஒரு தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க.

மத்த கிட்டார்காரங்களுக்கும் கொஞ்சம். லெஸ் பால் மாதிரி கிட்டார்கள்ல ரெண்டு தூண் மேல உக்காந்திருக்குற பிரிட்ஜ் பார்க்க எல்லாம் ஒரே அச்சு மாதிரி இருக்கும். கிப்சன்லயே 1954-ல வந்த ஏபிஆர்-1 வேற, எழுபதுகள்ல வந்த நாஷ்வில் வேற. தூணோட தடிமன் வேற, மரை இன்ச்சா மெட்ரிக்காங்கிறது வேற. அளக்காம வாங்கினா என் கதை தான். டெலிகாஸ்டர்காரங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பழைய மாடல்ல மூணு சாடில் தான், ரெண்டு கம்பிக்கு ஒண்ணு, அதனால சுருதி எப்பவும் ஒரு சமரசம். அதுக்காக மொத்த பிரிட்ஜையும் மாத்த வேண்டாம். சாய்வா வெட்டின மூணு பித்தளை சாடில் மட்டும் மாத்துங்க. சல்லிசு, துளையும் வேண்டாம். லாக்கிங் ட்யூனர் நல்ல சமாச்சாரம், கம்பி மாத்துறது சுலபம். நட்டுல மாட்டுற கம்பியை அது காப்பாத்தாது. ஃப்ளாய்ட் ரோஸ் வேணும்னா அது வச்சு வர்ற கிட்டாரையே வாங்குங்க. அதுக்காக நல்ல உடம்பைக் குடையுறதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

"டேவிட் கில்மோர் குடையலையா?"ன்னு ஒரு குரல் வரும். குடைஞ்சார். பிங்க் ஃப்ளாய்டு ரெக்கார்டுகள்ல கேக்குற அந்தக் கறுப்பு ஸ்ட்ராட்ல 1980-கள்ல காலர் ட்ரெமலோவுக்காக மரத்தை வெட்டினாங்க. அப்புறம் அதைக் கழட்டி, வெட்டின இடத்தை மரம் வச்சு அடைச்சு, பழைய மாதிரி பிரிட்ஜுக்கே திரும்பினார். 2019-ல ஏலத்துல அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு. அவர் கையில இருந்த கிட்டாருக்கு ஓட்டை இருந்தாலும் மதிப்பு. நம்ம கையில இருக்குறதுக்கு? இதுல எனக்குப் பிடிச்சது வேற. அதே கிட்டார்ல அவர் ட்ரெமலோ ஆர்மை நறுக்கிக் குட்டையாக்கி வச்சிருந்தார், கைக்கு அடக்கமா இருக்குறதுக்காக. ஒரு ரம்பம் போதும் அதுக்கு.

சரி, தாடி விஷயம். மூணு வருஷம் சொல்லாம வச்சிருந்தேன். அடைச்ச துளைகள் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கு, சொல்லாட்டி தெரியவே தெரியாது. போன மாசம் அவன் போன் பண்ணி, டிசம்பர்ல வர்றேன், வந்தா கிட்டாரை எடுத்துக்கிறேன்டான்னான். சொல்லிட்டேன். ட்ரில், முட்டைத் துளை, பெரியவர், எல்லாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"அடப்பாவி"ன்னான். அப்புறம், "ஜி நிக்குதா இப்ப?"

நிக்குதுடான்னேன்.

"வாசி பாப்போம்"னான். போனை மேசை மேல வச்சுட்டு வாசிச்சேன். நாலாவது பார்ல தாளம் விட்டுட்டேன்.